தங்கம் வெள்ளியான கதை

சென்ற வெள்ளிக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள் எனக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் கொண்டு வந்த கடிதம் அல்ல. கைப்பேசியில் 'டிங்' என்ற ஓசையுடன் தானாகவே வந்து குதித்த கடிதம். "மதிப்புக்குரிய அங்கத்தினர் அவர்களே! தாங்கள் எங்களிடம் வைத்திருக்கும் விசுவாசத்தைப் பெரிதும் போற்றுகிறோம்" என்று ஆரம்பித்தது. இவ்வளவு அழகாக ஆரம்பிக்கும் கடிதங்களில் இரண்டாவது பாராவில் ஏதாவது விஷமம் இருக்கும் என்பது என் அநுபவம். இருந்தது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் நான் போதுமான தடவை ஆகாயத்தில் பறக்கவில்லையாம். ஆகையால் வருகிற முதல் தேதியிலிருந்து நான் தங்க அங்கத்தினன் அல்ல, வெள்ளி அங்கத்தினன்.

கடிதத்தை வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "தங்கம் விற்கிற விலையில் வெள்ளியாவது மிச்சம் வைத்தார்களே! அதற்குச் சந்தோஷப்படுங்கள்" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.

கூடத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த என் தாயார் தலையை நிமிர்த்தினாள். "ஏண்டா, உன் உத்தியோகத்தில் ஏதாவது குறைத்து விட்டார்களா?" என்று கவலையுடன் கேட்டாள்.

"உத்தியோகத்தில் ஒன்றும் இல்லை, அம்மா! விமானக் கம்பெனியில் என் அந்தஸ்தைக் குறைத்து விட்டார்கள்."

"அந்தக் கம்பெனியில் உனக்கு என்னடா அந்தஸ்து? நீ காசு கொடுக்கிறாய். அவன் ஏற்றிக் கொண்டு போய் இறக்குகிறான். பஸ்ஸைப் போலத்தானே?"

இந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் எனக்கு விடை கிடைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகு கொஞ்சம் கிடைத்திருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

*

முதலில் என் ஜாதகத்தைச் சொல்லிவிட வேண்டும். பம்புகள் செய்து விற்கும் ஒரு ஸ்தாபனத்தில் எனக்கு உத்தியோகம். தேசத்தில் எந்த மூலையில் எங்கள் பம்பு மக்கர் செய்தாலும் நான் அங்கே போய் நிற்க வேண்டும். ஆகவே பதினாறு வருஷமாக மாதம் மூன்று தடவையும் நாலு தடவையும் டில்லிக்கும் மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் பறந்து வந்திருக்கிறேன். மீனம்பாக்கத்துக் காகங்களுக்கெல்லாம் என்னை நன்றாய் அடையாளம் தெரியும்.

பறக்க ஆரம்பித்த இரண்டாவது மாதத்திலேயே ஒரு விமானக் கம்பெனி எனக்கு நீல அட்டை ஒன்று கொடுத்தது. (கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வெள்ளியும் போய்விட்டால் என்ன செய்கிறது?) ஒவ்வொரு பிரயாணத்துக்கும் இத்தனை 'பாயிண்டு' என்று என் பேரில் வரவு வைப்பார்கள். பாயிண்டுகள் போதிய அளவு சேர்ந்தால் ஓசியில் ஒரு டிக்கெட் கிடைக்கும். இது ஒரு கணக்கு. வருஷத்தில் இத்தனை தடவை பறந்தால் நீலம் வெள்ளியாகும், வெள்ளி தங்கமாகும். இது மற்றொரு கணக்கு. முதல் கணக்கு மனிதனுடைய ஆசைக்கு; இரண்டாவது கணக்கு அவனுடைய கர்வத்துக்கு. இரண்டையும் ஒரே அட்டையில் அச்சடித்த புத்திசாலி யாரோ, அவர் நிச்சயமாக மனித சுபாவத்தைக் கரைத்துக் குடித்தவர்.

தங்கம் கிடைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பெட்டி போடும் இடத்தில் தனி வரிசை உண்டு. ஓய்வெடுக்கத் தனிக் கூடம் உண்டு. அங்கே இட்லியும் உப்புமாவும் சுண்டலும் ஓசியில் உண்டு. அதே இட்லியை என் மனைவி வீட்டில் தட்டில் வைத்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. விமானத்தில் ஏறும்போது தங்கங்களை முதலில் கூப்பிடுவார்கள். ஒரு விமான நிலையத்தில் இதற்கென்று மூன்று முழ நீளத்துக்கு ஒரு சிவப்புப் பாய் விரித்திருந்தார்கள். பாயில் நடப்பவர்கள் தங்கங்கள். பாய்க்கு அரை அடி தள்ளி வெறும் தரையில் நடப்பவர்கள் மற்றவர்கள். இரண்டு வரிசையும் பத்தடி தாண்டி ஒரே கதவில் நுழைந்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே கம்பியைப் பிடித்துக் கொண்டு நின்றன! முதலில் ஏறியவனும் கடைசியில் ஏறியவனும் டில்லிக்கு ஒரே நிமிஷத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அந்தப் பாயில் நடக்கும்போது முதுகு சற்று நிமிர்ந்ததே, அதை என்னவென்று சொல்வது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் டிசம்பர் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தேன். தங்கம் நிலைப்பதற்கு இரண்டு பிரயாணம் குறைந்தது. வேலை நிமித்தம் எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "அவசரக் காரியம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கைக்காசைப் போட்டு ஹைதராபாத்துக்குப் போனேன். அங்கே ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு அதே விமானத்தில் திரும்பி ஏறினேன். விமானப் பணிப்பெண் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "ஐயா, ஏதாவது பொருளை விட்டுவிட்டுப் போய்விட்டீர்களா?" என்று பரிவுடன் கேட்டாள். புத்தியை விட்டுவிட்டுப் போயிருந்தேன். ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? போனதற்கு அத்தாட்சியாக ஒரு டப்பா உஸ்மானியா பிஸ்கோத்து வாங்கி வந்தேன். "நன்றாயிருக்கிறதே, என்ன விலை?" என்றாள் என் மனைவி. அன்று மழுப்பிவிட்டேன். இன்று இந்தப் பத்திரிகை வாயிலாகச் சொல்லிவிடுகிறேன்: டப்பா ஒன்று சுமார் எண்ணாயிரம் ரூபாய்.

*

விமானக் கம்பெனிகள் பிறந்தபோதே இப்படியெல்லாம் இருக்கவில்லை. 1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைக் கொண்டு வந்து சேர்த்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் அவற்றைப் பல்லாரி வழியாக நமது சென்னைக்குக் கொண்டு வந்தார். அந்தக் கம்பெனியே பின்னால் 'ஏர் இந்தியா' ஆயிற்று. 1946-ல் அதற்கு ஒரு மகாராஜா சின்னமாக வந்து சேர்ந்தார். முறுக்கு மீசை, தலைப்பாகை, மார்பில் கை வைத்துக் குனிந்து வணக்கம். நினைத்துப் பாருங்கள், அந்த மகாராஜா நீலம், வெள்ளி, தங்கம் என்று பார்த்துக் குனிந்ததில்லை. டிக்கெட் வாங்கின அத்தனை பேருக்கும் ஒரே அளவுதான் குனிந்தார். 1953-ல் சர்க்கார் கைக்குப் போய் 2022-ல் டாட்டாக்களிடமே திரும்பி வந்த பிறகு, 2024-ல் அந்தக் கம்பெனியின் விசுவாசத் திட்டத்துக்கு 'மகாராஜா கிளப்' என்று நாமகரணம் ஆயிற்று. பாவம், வயதான காலத்தில் மகாராஜாவுக்குக் கணக்கப்பிள்ளை வேலை கொடுத்திருக்கிறார்கள்!

இந்தக் கணக்குப்பிள்ளை வித்தை அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு ஒரு பாட்டியும் உண்டு. 1896-ல் அந்தத் தேசத்தில் ஸ்பெரி-ஹட்சின்ஸன் என்ற கம்பெனியார் பச்சை நிற முத்திரைகள் அச்சடித்துக் கடைக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். சாமான் வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் முத்திரை கொடுப்பார். குடும்ப ஸ்திரீகள் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துப் பாத்திரமோ விளக்கோ வாங்கிக் கொள்வார்கள். இந்தப் பச்சை முத்திரைக்குப் பேத்தி பிறந்தது 1981-ம் வருஷம் மே மாதத்தில். அதற்குமுன் 1978-ல் அமெரிக்க சர்க்கார் விமானக் கட்டணங்களின் மேலிருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இஷ்டப்பட்டவர் இஷ்டப்பட்ட விலைக்கு டிக்கெட் விற்கலாம் என்று ஆயிற்று. போட்டி பலத்தது. யாருடைய விமானமும் ஒரே மாதிரி. யாருடைய நாற்காலியும் ஒரே இடுக்கு. பிரயாணியை நம்மிடமே கட்டிப் போடுவது எப்படி என்று யோசித்த அமெரிக்கன் ஏர்லைன்ஸார், பறந்த மைல்களுக்கு வெகுமதி கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் யுனைடெட் கம்பெனியும் ஆரம்பித்தது. 1983-ல் ஹாலிடே இன், மாரியட் முதலிய ஹோட்டல்காரர்களும் சேர்ந்து கொண்டார்கள். அதிலிருந்து பறந்தாலும் பாயிண்டு, படுத்தாலும் பாயிண்டு!

ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1999-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓர் எஞ்சினீயர் ஒரு விளம்பரத்தைப் படித்தார். இன்ன கம்பெனியின் ஆகாரப் பொட்டலங்களில் உள்ள சீட்டுகளை அனுப்பினால் பத்துக்கு இத்தனை மைல் என்று அதில் கண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் சரக்குகளில் மிக மலிவானது எது என்று தேடிக் கண்டுபிடித்தார். கால் டாலர் விலையுள்ள ஒரு வகைப் பால் பாயசம். சுமார் 3,140 டாலருக்கு 12,150 கிண்ணம் பாயசம் வாங்கினார். அத்தனையையும் யார் குடிப்பது? ஒரு தரும ஸ்தாபனத்துக்குப் பாயசத்தைத் தானம் செய்து, பதிலுக்கு அதன் தொண்டர்களைக் கொண்டே சீட்டுகளைக் கிழிக்கச் செய்தார்! பன்னிரண்டு லட்சம் மைலுக்கு மேல் அவர் கணக்கில் ஏறிற்று. அவரைப் பற்றிப் படித்த நாள் முதல் ஒவ்வொரு பிரயாணியும் தானும் ஒருநாள் கம்பெனியை ஏமாற்றிவிடலாம் என்று நம்பிக் கொண்டிருக்கிறான். நானும் நம்பினேன். பாயச எஞ்சினீயர் ஒருவர் ஜயித்தால் ஏன் அது பத்திரிகையில் வருகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

*

இந்தப் பாயிண்டுகளை யார் வாங்குகிறார்கள், யார் விற்கிறார்கள் என்பதைச் சற்று விசாரித்தேன். விமானக் கம்பெனிகள் இவற்றைப் பெருவாரியாகப் பாங்கிகளுக்கு விற்கின்றன. பாங்கிகள் தங்கள் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அவற்றை வழங்குகின்றன. கார்டில் அரிசி வாங்கினாலும் பாயிண்டு. பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினாலும் பாயிண்டு. 2023-ம் வருஷத்தில் டெல்டா என்ற அமெரிக்க விமானக் கம்பெனிக்கு ஒரே ஒரு கார்டுக் கம்பெனியிடமிருந்து வந்த தொகை சுமார் 680 கோடி டாலர். 2020-ல் கொள்ளை நோயின் காரணமாக விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் கம்பெனி கடன் வாங்க வேண்டி வந்தது. எதை அடமானம் வைத்தார்கள் தெரியுமா? மைல் திட்டத்தை! அதன் மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். அப்போது பங்குச் சந்தையில் அந்தக் கம்பெனி முழுவதற்குமே அதைவிட வெகு குறைவான விலைதான் இருந்தது. அதாவது விமானங்களைவிட விமானத்தில் ஏறுவோரின் ஆசைக்கு விலை அதிகம்.

சரி, நாணயம் என்றால் அதற்கு ஒரு மதிப்பு வேண்டுமல்லவா? நம்முடைய ரூபாய்க்கு ரிஸர்வ் பாங்கியின் கவர்னர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏற்கிறார். பாயிண்டுக்கு யார் பொறுப்பு? அதைப் போடுகிறவரும் கம்பெனியார். அதற்கு விலை வைக்கிறவரும் கம்பெனியார். விற்கும் சரக்கும் அவருடையதே. எந்த ஊருக்கு எத்தனை மைல் வேண்டும் என்ற அட்டவணையை டெல்டா கம்பெனி 2015-ல் எடுத்தே விட்டது. அன்றன்றைக்கு என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை. காய்கறிக் கடையிலாவது பேரம் உண்டு.

நம் தேசத்திலும் அநுபவங்கள் உண்டு. 2012 அக்டோபரில் கிங்பிஷர் விமானங்கள் நின்றபோது அதன் அங்கத்தினர்கள் சேர்த்திருந்த மைல்களும் அவற்றுடன் நின்றன. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்தபடியால் வேறு பெயர் வைத்துக்கொண்டு பிழைத்தது. ஆனால் பறப்பதற்குச் சொந்த விமானம் இல்லை. இதற்கு நேர்மாறாக ஒன்றும் சொல்ல வேண்டும். 2006-ல் தொடங்கிய இண்டிகோ கம்பெனி, பாங்கிகளுடன் சேர்ந்து கார்டு வெளியிட்டதைத் தவிர, 2024 வரையில் விசுவாசத் திட்டம் எதுவும் வைத்துக் கொள்ளவில்லை. அப்படியிருந்தும் தேசத்தில் அதிகப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனியாக அது வளர்ந்தது. குறித்த நேரத்தில் ஒழுங்காகக் கொண்டுபோய் விடுகிறவனிடம் ஜனங்கள் தாமாகவே திரும்பி வருகிறார்கள் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

விசுவாசம் என்கிறார்களே, அது இருபுறமும் இருக்க வேண்டிய பொருள் அல்லவா? அமெரிக்காவில் ஒரு யூத மதகுரு நார்த்வெஸ்ட் கம்பெனியின் பிளாட்டினம் அங்கத்தினராக இருந்தார். அடிக்கடி புகார் செய்து நஷ்டஈடு கேட்கிறார் என்று சொல்லி 2008-ல் அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கி விட்டார்கள். கம்பெனி நல்லெண்ணத்துடன் நடந்து கொள்ளவில்லை என்று அவர் வழக்குத் தொடுத்தார். விவகாரம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. 2014 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: முன்னே சொன்ன 1978-ம் வருஷத்துச் சட்டம் குறுக்கே நிற்பதால், நல்லெண்ணம் என்ற அந்த ஆதாரத்தின் பேரில் இந்த வழக்கு நடவாது! விசுவாசம் பிரயாணியினுடையது, தீர்மானம் கம்பெனியினுடையது.

*

ஹோட்டல் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு பெரிய ஹோட்டலில் அறைக்குள் நுழைந்ததும் சுவரிலிருந்த டெலிவிஷன் பெட்டி என் பெயரைச் சொல்லி நல்வரவு கூறிற்று. பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. தலையணை எந்த வகை வேண்டும் என்று ஓர் அச்சிட்ட ஜாபிதா இருந்தது. ஏழு வகை. தலைக்கு ஏழு வகைத் தலையணை கொடுத்த அந்த ஹோட்டலில் காலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் வெந்நீருக்கு நாற்பது நிமிஷம் காத்திருந்தேன்.

ராஜ்கோட்டில் நான் தங்கும் சின்ன லாட்ஜ் ஒன்று இருக்கிறது. அட்டையும் இல்லை, பாயிண்டும் இல்லை. அங்கே அறைகளைப் பார்த்துக் கொள்ளும் கிழவர் ஒருவர், நான் கேட்காமலே ஐந்து மணிக்கு வெந்நீர்ப் பாத்திரத்துடன் கதவைத் தட்டுவார். ஒரு வருஷம் கழித்துப் போனபோது, "அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, இப்போது தேவலையா?" என்று தம் ஹிந்தியில் விசாரித்தார். நான் சொன்னதே எனக்கு மறந்து போயிருந்தது. அவர் எந்த யந்திரத்தில் அதைக் குறித்து வைத்திருந்தார்?

நம் பக்கத்தில் சத்திரம் என்று ஒரு ஸ்தாபனம் இருந்ததை நேயர்கள் அறிவார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் முத்தாம்பாளின் பெயரால் கட்டிய சத்திரம் இன்றும் நிற்கிறது. தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி அவர் 1801-ல் ஆங்கிலேய ரெஸிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா ஜாதியைச் சேர்ந்த வழிப்போக்கர்களுக்கும் அங்கே சோறு உண்டு என்று அதில் கண்டிருக்கிறது. முதல் தடவை வருகிறவனா, நூறாவது தடவை வருகிறவனா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வழிப்போக்கன் என்பதே அவனுடைய யோக்கியதை. இன்றைய ஹோட்டல்காரர் லாபத்துக்கு நடத்துகிறவர். அவரைச் சத்திரம் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் உபசாரம் என்ற பழைய வார்த்தையை அவர் எடுத்துக் கொள்ளும்போது அதன் பழைய அர்த்தம் நமக்கு ஞாபகம் வந்து தொலைக்கிறதே!

*

இனிமேல் சொல்லப் போவதுதான் உண்மையில் நான் சொல்ல வந்தது.

2017-ம் வருஷம் தை மாதத்தில் என் தாயார், "ஒரு தடவை காசிக்குப் போய்க் கங்கையில் முழுகிவிட்டு வந்தால் தேவலை" என்றாள். அப்போது அவளுக்கு வயது எழுபத்தொன்று. தினமும் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலை மூன்று பிரதக்ஷிணம் செய்துவிட்டுக் கறிகாய் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்புவாள். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறினதில்லை. "ஆகட்டும், அம்மா! இன்னும் கொஞ்சம் பாயிண்டு சேர்ந்தால் இரண்டு டிக்கெட்டும் ஓசியில் வந்துவிடும். ஜம்மென்று போகலாம்" என்றேன். இருவர் போய்வர நாற்பதாயிரம் பாயிண்டு வேண்டும். என்னிடம் முப்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது.

முப்பத்தெட்டாயிரம் சேர்ந்தபோது கம்பெனியார் அட்டவணையை மாற்றினார்கள். நாற்பதாயிரம் ஐம்பத்தையாயிரம் ஆயிற்று. அதைத் துரத்திக்கொண்டு ஒரு பாங்கிக் கார்டும் வாங்கினேன். ஐம்பதாயிரம் ஆனபோது 2020-ம் வருஷத்துக் கொள்ளை நோய் வந்தது. உலகமே கதவைச் சாத்திக் கொண்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. 2022-ல் அறுபதாயிரம் இருந்தது. ஆனால் பாயிண்டுக்குக் கொடுக்கும் நாற்காலிகள் நாங்கள் கேட்ட தேதிகளில் இல்லை. மாசி மாதத்தில் இல்லை, ஐப்பசியில் இல்லை, ஆடி மாதத்தில் நள்ளிரவில் டில்லியில் ஒன்பது மணி நேரம் காத்திருந்து போவதானால் உண்டு. கடைசியில், மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பாயிண்டுகள் காலாவதி என்று ஒரு கடிதம் வந்தது. பாதி போய்விட்டது.

தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் தாயார் பக்கத்தில் வந்து, "ஏண்டா அப்பா, அந்த டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கவே முடியாதா?" என்று கேட்டாள்.

பரிகாசமாகக் கேட்கவில்லை. பாயிண்டு இருந்தால்தான் காசிக்கு விமானத்தில் போகலாம் என்று ஏழு வருஷமாக நிஜமாகவே நினைத்துக் கொண்டிருந்தாள்.

அன்று மாலையே பணம் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். அப்புறம் ஒரு கணக்கும் போட்டேன். அந்தப் பாங்கிக் கார்டுக்கு நான் கட்டிய வருஷச் சந்தாவையும் ஹைதராபாத் பிஸ்கோத்தையும் கூட்டிப் பார்த்ததில், தொகை ஏறக்குறைய அந்த இரண்டு டிக்கெட்டின் விலைக்குச் சரியாக இருந்தது.

2024 பிப்ரவரியில் காசிக்குப் போனோம். விமானத்தில் என் தாயார் சிறிதும் பயப்படவில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்த பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சாப்பிட்டாயா, குழந்தை?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. இறங்கும் வரையில் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். தங்க அட்டைக்கு என் வாழ்நாளில் கிடைக்காத உபசாரம் அது.

கேதார கட்டத்துக்கு மறுநாள் காலையில் போனோம். பாரதியார் இளமையில் வசித்த ஹனுமான் கட்டத்துக்குப் பக்கத்தில், தமிழ்க் குரல்கள் கேட்கும் இடம். மேல் படியில் நின்று கீழே பார்த்தோம். செங்குத்தான படிகள். என் தாயாருக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாலு படி இறங்கினாள். ஐந்தாவது படியில், "முடியாதுடா" என்று சொல்லி உட்கார்ந்து விட்டாள். படகுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னாலானால் எனக்கு முன் அவள் இறங்கியிருப்பாள்.

நான் கீழே போய் ஒரு சிறு செம்பில் கங்கை எடுத்துக்கொண்டு வந்து அவள் தலையில் தெளித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதற்கடா வருத்தப்படுகிறாய்? நான் இறங்க முடியவில்லை என்று கங்கையே மேலே வந்துவிட்டாளே, போதாதா?" என்றாள்.

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. பாயிண்டுகள் காலாவதியாகும் தேதியைக் கம்பெனியார் கடிதம் போட்டுத் தெரிவிக்கிறார்கள். முழங்கால்களுக்கு அப்படிக் கடிதம் வருவதில்லை.

*

ஆகையால் நேயர்களே, பாயிண்டு சேர்க்காதீர்கள் என்று நான் உபதேசம் செய்யவில்லை. எப்படியும் போகிற பிரயாணத்தில் தானாக வருவது வரட்டும். வந்ததைச் சீக்கிரம் செலவழித்து விடுங்கள். அதற்காக ஒரு பிரயாணத்தை மேற்கொள்வதும், அதற்காக ஒரு பிரயாணத்தை ஒத்திப் போடுவதும்தான் கூடாது. முன்னதில் எனக்கு நஷ்டம் எண்ணாயிரம் ரூபாய். பின்னதில் நஷ்டம் என்ன என்பதற்குக் கணக்கு இல்லை.

எங்கள் ஸ்தாபனத்திலும் இப்போது முன்போல் அதிகமாக அனுப்புவதில்லை. முக்கால்வாசிப் பேச்சுக்களைக் கம்ப்யூட்டர்த் திரையிலேயே முடித்து விடுகிறோம். தங்கம் வெள்ளியானதற்கு அதுதான் காரணம். அடுத்த வருஷம் வெள்ளி நீலமாகும். ஆகட்டும். பஸ்ஸைப் போலத்தானே என்ற என் தாயாரின் கேள்விக்கு, ஆமாம் என்பதுதான் விடை.

என் மனைவி வெகு நாளாய்ப் பிரம்மபுத்திரா நதியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருக்கிறாள். "பாயிண்டு எவ்வளவு சேர்ந்திருக்கிறது?" என்று நேற்றிரவு கேட்டாள். எனக்குத் தெரியாது, பார்க்கவும் இல்லை. கௌஹாத்திக்கு மூன்று டிக்கெட் இன்று காலையில் வாங்கிவிட்டேன். ரூபாய் கொடுத்துத்தான்.